அநித்தியம் சொல்லுமுன்



மகவை இழந்த தாயொருத்தியை நாம் காணச் செல்கிறோம். "யாவும் அநித்தியம் அம்மா, அழாதீர்கள்" என்று நம்மில் ஒருவர் உரைக்கிறார். தருமத்தைக் கூறிவிட்ட நிறைவோடு அவர் எழுந்து போகிறார். அந்தத் தாயோ, அழுவதும் குற்றம் போலும் என்றெண்ணி வாய் மூடிக்கொள்கிறாள். இது தருமமாகுமா?

பகவான் செய்ததை நோக்குவோம். இறந்த குழந்தையைச் சுமந்து மருந்து கேட்டு வந்தாள் கிசா கோதமி. அவளுக்குப் பகவான் உடனே அநித்தியத்தைப் போதித்தாரில்லை. சாவே நிகழாத வீட்டிலிருந்து சிறிது கடுகு வாங்கி வருமாறு அனுப்பினார். அவள் வீடுதோறும் சென்றாள். ஒவ்வொரு வாயிலிலும் தன் துயரைச் சொன்னாள். அவ்வீட்டார் துயரையும் கேட்டாள். அதன் பின்னரே குழந்தையை இடுகாட்டில் கிடத்த அவளுக்கு மனம் வந்தது; அநித்தியமும் விளங்கிற்று. போதிக்கும் வாய்க்கு முன்னே கேட்கும் செவி வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

இடுக்கி மாவட்டத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களுள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோரிற் பெரும்பாலோர் தமிழர். தன்னோடு விளையாடிய குழந்தையைத் தேடி அலைந்தது குவி என்னும் நாய்; அக்குழந்தையின் உடலை அதுவே காட்டிக்கொடுத்தது. அதன் துயரைக் கண்டு காவல்துறையினர் அதனை எடுத்துப் பேணினர். நாயின் துயருக்கும் ஆதரவு வேண்டுமெனின், ஓரிரவில் குடும்பத்தையே இழந்த மனிதருக்கு எத்துணை ஆதரவு வேண்டும்!

துயரம் நோயன்று. உற்றார் துணையால் பெரும்பாலோர்க்கு அது மெல்ல ஆறும். ஆயினும் ஆறு திங்கள் கடந்தும் தணியாது, அன்றாட வாழ்வையே முடக்கும் துயருக்குத் தேர்ந்தவர் துணை தேவை. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலும் இதனைத் தனியே குறிக்கின்றது. சாக வேண்டுமென்ற எண்ணம் தலைகாட்டினாலோ, ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

அத்தகையோரை எங்கே தேடுவது? தேவிகுளம், பீருமேடு, சித்தூர், நெல்லியாம்பதிப் பகுதிகளில் வாழும் நம்மவர், முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஷா ஊழியரிடமோ கேட்கலாம். கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் நடைபெறுகிறது; அதன் மருத்துவக் குழு எந்த மருத்துவமனைக்கு எந்நாளில் வருமென அங்கே அறியலாம். வழி தொலைவாயின், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். அதில் தமிழிலேயே பேசலாம். தாய்மொழியில் அழ இயலாதவன் பாதியே அழுகிறான்.

தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றை நோக்குங்கள். அவர் பேசுமுன் கேட்கிறாரா? உங்கள் மொழி அறிவாரா? ஒரே நாளில் துயரைப் போக்குவேன் என்று வாக்களிப்பவராயின் விலகுங்கள். மருத்துவ உளவியலாளராயின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று வினவுங்கள், அது அவமதிப்பன்று. நீங்கள் சொன்னதை மறைவாய்க் காப்பது அவர் கடமையென 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கின்றது. ஆதலின் லயத்தில் பிறர் பைத்தியமென ஏசுவரோ என அஞ்சற்க.

நாம் பழைய சடங்குகளை விடுத்தோம், நன்று. ஆனால் அச்சடங்கின் பெயரால் பதினாறு நாள் வீடு நிறைந்திருந்த உறவினரையும் அவற்றோடு விடுத்துவிட்டோமா? அவ்வெற்றிடத்தை நம் சங்கம் நிரப்பவேண்டும். அடுத்த பௌர்ணமிக்குள் ஒவ்வொருவரும் துயருற்ற ஒரு வீட்டுக்குச் செல்வோமாக. அங்கே எதுவும் போதியாது அமர்ந்து கேட்போமாக. தேவையாயின் மருத்துவரிடம் உடன் செல்வோமாக. அதுவே நாம் கொண்டு செல்லும் கடுகு.

துயருற்றோர் யாவரும் ஆறுதல் பெறுக!