வெம்மையறை யோகமும் சைவயோக நெறியும்

சிவமயம்



பெறுதற்கரிய மானுடப் பிறவியைப் பெற்ற நாம் அதனாலாய பயனை அடைதற்குக் கருவியாயுள்ளது இவ்வுடம்பே. உடம்பைப் பேணுதலே உயிரைப் பேணுதற்கு வழியென்பதும், அவ்வுடம்பினுள்ளே இறைவன் கோயில்கொண்டுள்ளான் என்பதும் திருமூலநாயனார் திருமந்திரத்திலே நமக்குணர்த்திய உண்மைகளாம். ஆதலின், உடம்பைப் பற்றிய பயிற்சி எதுவாயினும் அது சைவருக்கு அயலான பொருளன்று. அதுகுறித்தே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் வன்னி மாவட்டங்களிலே கற்பிக்கும் ஆசிரியர் சிலர் எம்மை ஒரு வினா வினாவினர். "மேனாடுகளிலே அறையைச் சூடேற்றி, அதனுள்ளே யோகாசனம் பயில்கின்றார்கள். கைப்பேசியில் அதனைக் கண்ட பிள்ளைகள், வியர்வை ஒழுகச் செய்வதே மெய்யான யோகம் என்கின்றார்கள். அவர்களுக்கு யாது விடை கூறுவோம்?" என்பதே அவ்வினா. இது சிறு வினாவன்று. பிள்ளைகளின் உடம்பும் அவர்களது சமயவுணர்வும் ஒருங்கே இதனைப் பற்றி நிற்றலின், ஆராய்ந்து விடை கூறுதல் நமது கடனாம்.

முதற்கண் அவ்வழக்கத்தின் வரலாற்றை அறிவோம். பரமஹம்ச யோகானந்தரின் இளைய சகோதரராகிய பிஷ்ணு சரண் கோஷ் (1903-1970) என்பவர் கல்கத்தா நகரிலே உடற்பயிற்சியும் ஆசனங்களும் கற்பித்து வந்தார். அவரிடம் பயின்ற பிக்ரம் சௌத்ரி என்பவர் 1970களிலே அமெரிக்கா சென்று, 26 ஆசனங்களையும் இரண்டு மூச்சுப் பயிற்சிகளையும் ஒரே வரிசையிலமைத்து, 90 நிமிடப் பயிற்சியாகக் கற்பித்தார். அறையின் வெப்பம் ஏறத்தாழ 40 பாகை செல்சியசு. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 40. குளிர்நாட்டிலே கல்கத்தாவின் கோடையைக் கருவிகொண்டு உண்டாக்கியதே இம்முறையெனலாம். முதற்படியினர்க்கு இந்த 26 ஆசனங்கள். தேர்ச்சி பெற்றோர்க்கு 84 ஆசனங்கள் கொண்ட வரிசை. பின்னர் இதனின்று வேறுபட்ட வகைகள் பல கிளைத்தன. சிலர் வெப்பத்தைக் குறைத்து, மூச்சோடியைய ஓர் ஆசனத்தினின்று மற்றோர் ஆசனத்துக்கு இடையறாது செல்லக் கற்பிப்பர். சிலர் சில ஆசனங்களிலே நெடுநேரம் அமைதியாயிருக்கச் செய்வர்.

அந்த 26 ஆசன வரிசை தமக்கே உரிமையுடையதென்று பிக்ரம் வழக்காடினார். 2015ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆசன வரிசை பதிப்புரிமைக்கு உரியதன்று எனத் தீர்த்தது. பெண்கள் சிலர் அவர்மீது கொடிய குற்றங்களும் சாட்டினர். அவரிடம் முன்பு பணியாற்றிய பெண் சட்டத்தரணி ஒருவர் தொடுத்த வழக்கிலே, 2016ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்ற யூரர் அப்பெண்ணுக்குப் பல இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தனர். பழி தூற்றும் நோக்கால் இதனை யாம் எடுத்துரைத்தோமல்லேம். ஆசனத்தை எடுத்துக்கொண்டு ஒழுக்கத்தை வாயிலிலே விட்டுச் செல்லுதல் இயலுமாயின், அப்பயிற்சிக்கு யோகம் என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும் என்று சிந்திக்கும் பொருட்டே உரைத்தோம்.

இனி, நமது நூல்கள் கூறுவதென்னை? திருமூலநாயனார் யோகத்தை எட்டுறுப்பாக வகுத்தருளினார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. கொல்லாமை, பொய்யாமை முதலிய ஒழுக்கங்களும், தூய்மை, தவம், சிவபூசை முதலிய கடைப்பிடிகளும் முன்னே நிற்க, ஆசனம் மூன்றாவதாக வருதலை நோக்குக. பங்கயம், கோமுகம், பத்திரம், கேசரி, வீரம், சுகாசனம் முதலியவற்றை நாயனார் பெயர் சுட்டி ஓதினார். அறையைச் சூடேற்றுக என்று ஓதினாரல்லர்.

15ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையிலே சுவாத்மாராமர், யோகி பயிலும் சிறுகுடில் அமையும் இடத்தில் ஒரு வில்லளவு தூரத்துக்குக் கல்லும் தீயும் நீரும் இல்லாதிருத்தல் வேண்டுமென்கின்றார். பயிற்சியின் தொடக்கத்திலே தீக்காய்தல், நெடுவழிச் செலவு, பட்டினி, உடம்பை வருத்துதல் என்பவற்றை விலக்குக எனவும் விதிக்கின்றார். அந்நூலே பிராணாயாமத்துக்கு மூன்று படிகளும் கூறுகின்றது. கடைப்படியில் வியர்வை தோன்றும்; நடுப்படியில் நடுக்கம் உண்டாம்; தலைப்படியிலே பிராணன் தன் நிலையை எய்தும். ஆகவே, பிள்ளைகள் யோகத்தின் முடிவெனக் கருதும் வியர்வை, முன்னோர் கடைப்படியிலே வைத்ததொன்றென்று தெளிக. அவ்வியர்வையும் மூச்சின் முயற்சியால் அகத்தினின்று எழுவது. சுவரிலே பொருத்திய கருவியால் வருவதன்று.

அற்றேல், தவத்தோர் வேனிற்காலத்தே ஐந்தழல் நடுவண் நின்றனரென்று கூறப்படுதல் என்னையெனின், கூறுதும். தவம் என்பதற்கு மூலமாகிய வடசொல் வெம்மையைக் குறிப்பதே. எனினும் அந்நோன்பு உலகைத் துறந்தோர் தாமே மேற்கொண்டது. பிள்ளைகளுக்கு விதித்த பாடமன்று. பொன்னை உருக்கும் தீ வைக்கோலை எரித்துவிடும்.

மருத்துவ ஆராய்ச்சியும் இதற்கு இயைந்ததே. 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நடுவயதினர் சிலர் இதே 26 ஆசன வரிசையை 12 வாரம் பயின்றனர். ஒரு சாரார் 40 பாகை அளவான வெப்பத்திலும், மற்றொரு சாரார் 23 பாகையிலும் பயின்றனர். இரு சாராரின் குருதிக்குழாய்களும் நலமுற்றன. வெப்பத்தால் அதற்கு மேலொரு நன்மை காணப்படவில்லை. 2015ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்விலோ, வெம்மையறையிற் பயின்றோர் சிலரின் உள்ளுடல் வெப்பம் 39 பாகையைக் கடந்தது.

நமது வன்னியோ உலர்வலயம். இங்கே வெம்மையை விலைகொடுத்து வாங்க வேண்டுவதில்லை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014இல் யோக நாளாக அறிவித்த யூன் 21ஆந் திகதி, வன்னியிலே மழையற்று, வறண்ட காற்று வீசும் கோடையில் வருவதாகும். காலையுணவின்றி நெடுந்தூரம் நடந்து வந்த பிள்ளையை நண்பகல் வெயிலிலே நிறுத்தி ஆசனம் செய்விப்போமாயின், அது யோகமாகாது. கொல்லாமையென்னும் இயமத்துக்கே மாறாம். வவுனியா முதலாய உலர்வலயப் பகுதிகளிலே உழவர் பலர் நாட்பட்ட சிறுநீரக நோயால் வருந்துகின்றனர். அந்நோய்க்கு வெப்பமும் உடல்நீர் வற்றுதலும் காரணங்களுள் அடங்குமோவென்று மருத்துவர் ஐயுறுகின்றனர். அத்தகைய நாட்டிலே நீரிழத்தலைப் பெருமையாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் தகுமோ? சிந்திமின்.

சைவநெறியிலே யோகம் மூன்றாம் படி. சரியை, கிரியை என்பன அதற்கு முற்பட்டவை. சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாகிய திருநாவுக்கரசு சுவாமிகளின் திருக்கரத்திலே விளங்கியது உழவாரப்படை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கி அவர் சிந்திய வியர்வையே நாம் போற்றத்தக்க வியர்வை. அவரை அரசன் ஆணையால் நீற்றறையில் இட்டு ஏழு நாள் அடைத்து வைத்தனரென்று பெரியபுராணம் கூறுகின்றது. உலகம் கேட்ட வெம்மையறைகளுள் அதனினும் கொடியது யாது? அவ்வறையைச் சுவாமிகள் தேடிச் சென்றாரல்லர், வந்தபோது அஞ்சினாருமல்லர். எந்தையின் திருவடி நிழலை நினைந்தார், வெம்மை தண்மையாயிற்று. வெம்மையிலும் உள்ளம் குளிர்ந்திருத்தலே சைவயோகத்தின் பயனென்பது இதனாற் பெறப்படும்.

வன்னி மண்ணிலும் இதற்கோர் அடையாளம் உண்டு. 1872இல் தோன்றி 1964இல் சிவபதமெய்திய யோகர் சுவாமிகள், இளமையிலே கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றியவர். பின்பு நல்லூரிலே செல்லப்பா சுவாமிகளைக் குருவாகப் பெற்று, உத்தியோகந் துறந்து, கொழும்புத்துறையில் ஓர் இலுப்பை மரத்தடியிலே தவமிருந்தார். அவர் நாடியது சூடேற்றிய அறையன்று, மரநிழல்.

ஆதலின், ஆசிரியர்காள், பிள்ளைகளுக்கு இவ்வாறு கற்பிப்பீராக. ஞாயிறு ஏறுமுன், மரநிழலிலே பயிற்றுமின். பசித்து வந்தவனுக்கு முதலில் உணவளித்து, அன்று பார்த்திருக்கச் செய்மின். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நீர் பருகுவிமின். நோயுற்றோரை மருத்துவரைக் கேட்டே சேர்த்துக்கொண்மின். போட்டி வைத்தலை ஒழிமின். முடிவிலே சிறிது நேரம் கண்மூடியிருந்து திருவைந்தெழுத்தை எண்ணுவிமின். மாதத்தில் ஒரு நாளேனும், ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரம் போலும் அண்மைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்று திருவீதி கூட்டுவிமின். அதுவே யோகத்துக்கு இடும் அடிப்படை.

இன்னுமொன்று. 2009இல் முடிவுற்ற போரிலே கைகால் இழந்தோர் நம்மிடையே பலர் வாழ்கின்றனர். வளைந்து நிமிரும் காட்சியே யோகமென்றால் அவர்க்கு அதில் இடமில்லை. ஆனால் ஆசனம் என்னும் சொல்லுக்கு இருக்கை என்பதே பொருள். நாற்காலியில் அமைதியாக இருந்து, மூச்சை நெறிப்படுத்திச் சிவனை நினைவார் எவரோ, அவர் யோகநெறியில் நிற்பவரே. அத்தகையோர் பிள்ளையேனும் பெற்றோரேனும் உமது பாடசாலைக்கு வந்தால், முன்வரிசையில் இடமளியுங்கள்.

அவ்வாறு செய்வீராயின், பிள்ளைகள் வினாவிய வினாவுக்கு வேறு விடை வேண்டுவதின்று. திருவருள் முன்னிற்பதாக.