பேச்சை ஒதுக்கி வைத்தவர்

ரோவன் அட்கின்சன் என்றால் யாரென்று யோசிப்பவர்கள்கூட மிஸ்டர் பீன் என்றதும் சிரித்துவிடுவார்கள். பழுப்பு நிறக் கோட்டு, சிவப்பு டை, பச்சை நிறக் குட்டிக் கார், கூடவே ஒரு கரடி பொம்மை. வாயைத் திறந்தால் முனகல்தான். அந்த மனிதராக நடித்தவர் சொல்லாட்சியில் மன்னர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1955-இல் இங்கிலாந்தின் வடகிழக்கே கான்செட் என்ற ஊரில் பிறந்தவர். நியூகாசிலில் மின்பொறியியல், பிறகு ஆக்ஸ்போர்டில் மேற்படிப்பு. சிறு வயது முதலே திக்குவாய். ஆனால் வேறொருவராக மாறி மேடையேறினால் திக்கல் பெரும்பாலும் விலகிவிடும். தடுக்கும் எழுத்து வந்தால் அதை வேண்டுமென்றே அழுத்தி உச்சரிப்பார். 'பிளாக்ஆடர்' தொடரில் 'பாப்' என்ற சாதாரணப் பெயரை அவர் சொல்லும் விதத்துக்கே அரங்கம் அதிரும். நாக்கு தடுமாறிய பிள்ளை, நாக்காலேயே பெயர் வாங்கிவிட்டார்.

இன்றைக்கு நினைத்துப் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான். 1987-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நகைச்சுவை விழா. ஆங்கில நிகழ்ச்சி ஒன்று, பிரெஞ்சு நிகழ்ச்சி ஒன்று. அட்கின்சன் பிரெஞ்சு நிகழ்ச்சியில்தான் நடிப்பேன் என்றார். அவர் வைத்திருந்த நாடகத்தில் பிரெஞ்சு வசனமே கிடையாது. அமைப்பாளர்கள் குழம்பினார்கள். அவருக்குத் தேவைப்பட்டதோ ஒரு சோதனை: தன் மொழி எடுபடாத இடத்தில், உடம்பு மட்டும் சிரிக்க வைக்குமா?

எதற்காக ஊர் நம்மைப் பாராட்டுகிறதோ அதை விட்டு நகர நமக்கு மனம் வருமா? அவருக்கு வந்தது. 1989 நவம்பரில் பிளாக்ஆடர் முடிந்தது. 1990 ஜனவரி 1 அன்று ஐடிவி தொலைக்காட்சியில் மிஸ்டர் பீன் வந்துவிட்டார்.

அந்த முதல் அத்தியாயத்தின் தேவாலயக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். பிரசங்கத்தின் நடுவே பீனுக்குத் தூக்கம் சொக்குகிறது. தலை சாய்கிறது, உடம்பு மெல்ல மெல்லச் சரிகிறது, கடைசியில் நெற்றி தரையைத் தொட்டுவிடுகிறது. ஒவ்வோர் அங்குலத்திலும் விழித்திருக்க ஒரு போராட்டம். பிறகு எல்லாரும் எழுந்து பாடுகிறார்கள். இவரிடம் பாட்டுப் புத்தகம் இல்லை. வரிகளை முணுமுணுத்துச் சமாளித்துவிட்டு, 'அல்லேலூயா' வரும்போது மட்டும் கூரை அதிர முழங்குகிறார். கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள ஏங்கும் அந்த ஒரு சொல்லில் எனக்குச் சிரிப்போடு நெகிழ்ச்சியும் வரும்.

மொத்தமே 15 அத்தியாயங்கள்தான். ஆனால் மொழிபெயர்ப்பு தேவைப்படாததால் அவை போகாத தேசம் குறைவு. நம் வீட்டுப் பிள்ளைகளும் ஆங்கிலம் தெரியாத பாட்டிகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

2021-இல் ஒரு பேட்டியில், பீனாக நடிப்பதைத் தான் அவ்வளவாக ரசிப்பதில்லை, அது களைப்பூட்டும் வேலை என்றார் அட்கின்சன். பிளாக்ஆடரில் சிரிக்க வைக்கும் பொறுப்பைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். பீனில் அத்தனையும் அவர் தலையில். அதைப் படித்தபின் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது. இத்தனை பாரத்தைச் சுமந்தபடிதான், ஒரு புருவ அசைவைக்கூட ஏனோதானோவென்று விடாமல் அவர் நடித்திருக்கிறார்.