தண்ணீர் செய்த குற்றம் என்ன?

பாலில் தண்ணீர் கலந்து விற்பது தவறு என்பதை நம்மவரில் அறியாதார் இலர். ஆயினும் கெட்டிக்காரர் ஒருவர் எதிரே வந்து, "ஐயா, பசுவின் பாலிலேயே நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தானே இருக்கிறது? பசு சேர்த்தது ஹலால், பால்காரன் சேர்த்தது ஹராமா? தண்ணீரோடு தண்ணீர் சேர்ந்ததில் குற்றம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்?

விதண்டாவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். இரசாயன நூல் ஓரளவுக்கு அவர் பக்கமே பேசுகிறது. அரிசியில் கலந்த கல்லைக் கண் பிடிக்கும், முறம் பிரிக்கும். தண்ணீரில் கரைந்த உப்போ கண்ணுக்கும் அகப்படாது, வடிகட்டிக்கும் அகப்படாது. பால் இன்னும் விசித்திரமான கலவை. அதில் பால் சர்க்கரையும் சில உப்புகளும் முற்றிலும் கரைந்து நிற்கின்றன; கொழுப்பு கரையாமல் நுண்துளிகளாக மிதக்கிறது; புரதத்தின் பெரும்பகுதி மிகச் சிறிய துகள்களாகப் பரவியிருக்கிறது. இக்கூட்டத்தில் ஒரு குவளைத் தண்ணீர் புகுந்துவிட்டால், பழைய நீர் இது, புதிய நீர் இது என்று பிரித்தெடுத்துத் தர எவராலும் இயலாது.

பின் பால்மானி எதற்கு எனலாம். அது அடர்த்தியை மட்டுமே அளக்கிறது. தண்ணீர் சேர்ந்தால் அடர்த்தி குறையும். ஆனால் கொழுப்பு தண்ணீரினும் இலேசானது. ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆகவே ஆடையையும் எடுத்து, அளவறிந்து தண்ணீரும் ஊற்றுகிறவனுக்குப் பால்மானியே நற்சாட்சி கூறிவிடும்! உறைநிலைச் சோதனை இந்தத் தந்திரத்துக்கு மசியாது. கரைந்த பொருள்கள் இருப்பதால் பால், சுழியத்துக்கு ஏறத்தாழ அரை டிகிரி கீழேதான் உறையும்; நீர் கூடினால் அப்புள்ளி சுழியத்தை நோக்கி ஏறும். அதையும் ஏய்க்க வேண்டுமானால் சிறிது சர்க்கரையோ உப்போ கரைத்தால் போதும்.

இந்த ஏய்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2008-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. சீனாவில் பாலில் தண்ணீர் ஊற்றினார்கள். புரதம் குறைந்தது தெரியாதிருக்க மெலமைன் தூளைச் சேர்த்தார்கள். நம் கடைகளில் விற்கும் உடையாத தட்டு, கிண்ணங்களைச் செய்ய உதவும் அதே மெலமைன்தான். 1883-இல் கெல்டால் என்னும் டென்மார்க் நாட்டறிஞர் வகுத்த சோதனை, புரதத்தை நேரே எண்ணுவதில்லை; நைட்ரஜனை எண்ணிப் புரதத்தைக் கணக்கிடுகிறது. பால் புரதத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு 16-க்குச் சற்றுக் குறைவு. மெலமைனிலோ 66-க்கு மேல். சோதனையில் பால் தேறிவிட்டது. பச்சிளங் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கற்கள் உண்டாயின. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. 6 குழந்தைகள் மாண்டன. அவ்வாண்டு செப்டம்பரில் சிங்கப்பூரும் சீனப் பால் பொருள்களைத் தடை செய்தது.

சோதனையில் தேறியது உண்மை. ஆயினும் அது பால் அன்று. இங்கேதான் கெட்டிக்காரருக்கு விடை கிடைக்கிறது. குற்றத்தைத் தண்ணீருக்குள் தேடினால் அகப்படாது, ஏனெனில் அது தண்ணீரில் இல்லை. "பால்" என்ற சொல்லில் இருக்கிறது. சர்பத்துக் கடைக்காரரை எவரும் ஏசுவதில்லை. தேத்தண்ணீர் விற்பவரோ பெயரிலேயே தண்ணீரை ஒப்புக்கொண்டுவிடுகிறார்!

நபிபெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் நனைந்த வரலாறு நாம் பலகால் கேட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மழையை எவரும் குற்றம் கூறவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்கலாகாதா என்பதே அவரிடம் கேட்கப்பட்டது.

இவ்வளவும் தெளிவு. நமக்குத் தெளிவாகாத ஒன்று உண்டு. நம்முடைய இந்தப் புழுக்கமான ஊர்களில் கிட்டங்கியில் கிடக்கும் மிளகு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. வாங்கும்போது ஈரம் நூற்றுக்கு 10 பங்காக இருந்து, பிறகு 13 ஆனால், 100 கிலோ மூட்டை ஏறத்தாழ 103½ கிலோ நிறுக்கும். கூடிய மூன்றரைக் கிலோவும் தண்ணீர். வணிகர் ஒரு துளியும் ஊற்றவில்லை. அது யாருடைய எடை?

மொத்த வாணிபத்தில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள். ஈரம் 12 அல்லது 13-க்கு மேற்படலாகாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அளந்து பார்த்தே வாங்குகிறார்கள். வெயிலில் காய்ந்து எடை குறைந்தால் நட்டம் தமக்கென்று ஏற்கும் வணிகர், ஈரத்தில் கூடியதும் தமக்கே என்று கருதுவதில் ஓரளவு நியாயம் உண்டு. பெரிய வணிகர் இருவருக்கிடையே அந்த நியாயம் செல்லும் என்பதே நம் கருத்து. கடைக்கு வந்து 100 கிராம் மிளகு கேட்கும் அம்மாளிடம் ஈரமானியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. மிளகை ஒருமுறை காயவைத்துப் பிறகு நிறுத்துக் கொடுக்க அதிகம் போனால் அரைநாள் வெயில் செலவாகும்.