இடைமுறிந்த தொண்டு

கைம்மாறு கருதாது பிறநாட்டிற்குத் தொண்டாற்றச் சென்ற ஒருவர், குறித்த காலம் முடியுமுன்னரே நோயுற்றுத் தாயகம் திரும்ப நேர்கின்றது. இந்நிலையை ஒழுக்கவியல் நோக்கில் ஆராய்வோர் அரியர். விடை வெளிப்படை எனத் தோன்றுவதே இதற்குக் காரணமாகலாம். ஒன்றைச் செய்யவேண்டும் என ஒருவரைப் பணிக்குமிடத்து, அது அவரால் இயலும் என்பதும் உடன்கொள்ளப்படுகின்றது. இயலாததற்கு எவரும் கடமைப்பட்டவரல்லர். ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற் வழிவந்தோர் பெரிதும் எடுத்தாளும் கொள்கை இது. இதன்படி நோயாளி குற்றமற்றவர். ஆயினும் திரும்பி வந்தவர் நாணுகின்றார். குற்றமில்லாவிடத்து நாணம் எழுவது ஏன்? அது வெறும் மனமயக்கமா, அன்றி எதனையேனும் சரியாகக் காண்கின்றதா?

1914 ஓகஸ்ட் 6 ஆம் நாள், பிரித்தானியா போரில் இறங்கி இரு நாள்களின் பின், காந்தியடிகள் தென்னாபிரிக்காவிலிருந்து இலண்டன் சேர்ந்தார். அங்கிருந்த இந்தியரைத் திரட்டிக் காயமுற்றோரைப் பேணும் தொண்டர் படையொன்றை அமைத்தார். (அகிம்சையை மேற்கொண்டவர் போர்ப்பணிக்கு முன்வந்தமை தனி விவாதத்திற்குரியது.) ஆனால் நுரையீரல் உறையழற்சி அவரைப் பீடித்தது. பாலும் தானியமும் உண்ணுமாறு வைத்தியர் வற்புறுத்தினார், அவர் இணங்கவில்லை. தாயகத்திலன்றி முழுக்குணம் கிட்டாது என்றும், இதுவரை செய்ததும் சிறிதன்று என்றும் இந்திய அமைச்சைச் சேர்ந்த சாள்ஸ் றொபேட்ஸ் தமக்குக் கூறியதாகச் சுயசரிதையில் எழுதுகின்றார். டிசெம்பரிற் கப்பலேறியவர் 1915 ஜனவரி 9 இல் பம்பாயில் இறங்கினார். இலண்டனில் அவர் திரட்டிய தொண்டர்களோ நெற்லி இராணுவ வைத்தியசாலையிற் பணியாற்றினர்.

இங்கு நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. காயமுற்றவனுக்குத் தேவைப்படுவது கட்டும் கைதானே அன்றி இன்னாருடைய கையன்று. திரும்பியவரின் நாணத்தை நுணுகி நோக்கின், அதில் ஒரு பகுதி தன்னைப் பற்றியதாகவே இருக்கும். தன்னலமற்றவர் எனத் தாம் தீட்டி வைத்த சித்திரம் சிதைந்த வருத்தம் அது. அவ்வருத்தத்தை அறக்கவலை எனப் பெயரிட்டழைப்பது பொருந்தாது. மேலும், படுக்கைகள் குறைந்த வைத்தியசாலையில் நோயுற்ற தொண்டர் ஒரு படுக்கையைக் கொள்கின்றார். மருந்தும் தாதியின் நேரமும் அவர்மேற் செலவாகின்றன. உதவ வந்தவர் உதவியை நுகர்பவராகின்றார். 1961 இல் ஐக்கிய அமெரிக்கா தொடங்கிய 'பீஸ் கோர்' என்னும் தொண்டர் நிறுவனம், நோயினால் வெளியேற்றப்பட்டவர் 45 நாள்களுக்குள் தேறாவிடின் அவரது சேவையை முடிவுறுத்தும் வழக்கத்தைக் கைக்கொண்டது. கணக்கர் மனப்பான்மை என இதனைச் சிலர் பழிக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

1855 இல் கிறிமியாவிற் கடுங்காய்ச்சலுக்காளான புளோரன்ஸ் நைற்றிங்கேல் தாயகம் திரும்பாது, போர் முடிந்த பின்னரே 1856 இல் மீண்டார் என்பதை எவரும் எதிர்வாதமாகக் காட்டக்கூடும். அவர் தாதியர் அனைவருக்கும் தலைமை தாங்கியவர். அவ்விடத்திற்கு மாற்றாள் அரிது. அவருக்குப் பொருந்தியதை ஆறு மாதம் பள்ளியிற் கற்பிக்கச் சென்ற இளைஞர்மேற் சுமத்துதல் முறையன்று.

எனினும் நாணத்தின் மற்றொரு பகுதியை இவ்வாதங்கள் தீண்டவில்லை. ஆபிரிக்கக் கிராமமொன்றில் தொண்டரையும், அவர் தங்கிய வீட்டின் மூதாட்டியையும் ஒரே வகை நுளம்பு கடிக்கின்றது. இருவருக்கும் மலேரியா காண்கின்றது. ஒருவருக்கு விமானம் காத்திருக்கின்றது. மற்றவருக்குத் திரும்பிச் செல்ல வேறு வீடில்லை. நோய்ப்பட்ட அவ்விடமே அவர் வீடு. 2020 மார்ச்சில், கொவிட் தொற்றின்போது, 'பீஸ் கோர்' தன் தொண்டர் ஏறத்தாழ ஏழாயிரம் பேரையும் உலகெங்குமிருந்து திருப்பியழைத்தது. அவர்களுடன் பணியாற்றிய உள்ளூர் ஆசிரியரும் தாதியரும் அங்கேயே இருந்தனர்.

'நான் தவறிவிட்டேன்' என்று நாணுபவர் பிழையாகக் காண்கின்றார். 'என்னால் வெளியேற முடிந்தது' என்று நாணுபவர் சரியாகவே காண்கின்றார். வெளியேறும் அவ்வுரிமை நோய் வந்த நாளில் உண்டானதன்று. அவர் வந்திறங்கிய முதல் நாளிலேயே கடவுச்சீட்டுடன் அவர் பையில் இருந்தது. ஒரே பாயில் அமர்ந்து ஒரே உணவை உண்டு பெற்ற சமத்துவ உணர்வு அதனை மறைத்திருந்தது. நோய் அம்மறைப்பை நீக்கியது. இதனால், போயிருக்கவே கூடாது என்றோ, அங்கேயே கிடந்து இறந்திருக்கவேண்டும் என்றோ முடிவுகொள்வதற்கில்லை. தன் திரும்புதலைத் தன் துன்பக்கதையாக மட்டும் சொல்லாதிருத்தல் அவர்மேல் விழும் கடன் என்பேன். விட்டுவந்த பணியின் விவரங்களை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்தலும் அக்கடனுள் அடங்கும். பலர் சோர்வில் இதனைச் செய்வதில்லை.

இந்நாணம் அளவிறந்து வளர்வதும் உண்டு. பிரெஞ்சு மெய்யியலாசிரியை சிமோன் வெய்ல் 1936 ஓகஸ்டில் ஸ்பானிய உள்நாட்டுப் போரிற் குடியரசுத் தரப்புத் தொண்டராகச் சேர்ந்தார். கிட்டப்பார்வையுடைய அவர், முகாமிற் கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய்ப் பாத்திரத்துள் கால் வைத்துவிட்டார். மகளைத் தேடிப் பார்சலோனா வந்த பெற்றோர் (தந்தை வைத்தியர்) செப்டெம்பர் இறுதியில் அவரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றனர். ஒக்டோபரில் பெர்திகேராவில் நடந்த சண்டையில் அவரது குழுவினர் பலர் மாண்டனர். மீண்டும் ஸ்பெயின் செல்லவே அவர் எண்ணியிருந்தார். தம் தரப்பினர் புரிந்த கொலைகளை அறிந்தபின் செல்லவேண்டும் என்னும் உந்துதல் தமக்கு அற்றுப்போனதென 1938 அளவில் எழுத்தாளர் பெர்னானோசுக்கு எழுதினார். காயம் தந்த இடைவெளியில் அவரது சிந்தனை தெளிந்ததெனலாம்.

பின்னர், ஜேர்மனியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த காலத்தில், 1942 இறுதியில் இலண்டன் சேர்ந்தார். போர்முனைக்குத் தாதியரை அனுப்பும் திட்டமொன்றை வரைந்து, தம்மையும் அனுப்புமாறு வேண்டினார், மறுக்கப்பட்டது. காசநோய் கண்டபோது, தாயகத்தவர்க்குக் கிடைத்த பங்கீட்டுணவிற்கு மேல் உண்ண மறுத்தார் எனப்படுகின்றது. 1943 ஓகஸ்ட் 24 இல், 34 வயதில் இறந்தார். இதனைத் தவமெனப் போற்றுவோர் உளர். என்னால் முழுமையாகப் போற்ற இயலவில்லை; அவர் உண்ணாது விட்ட உணவு பிரான்சில் எவர் தட்டையும் சென்றடையவில்லை. அதே இலண்டன் மாதங்களில், மனிதர்க்கு மனிதர் கொண்டுள்ள கடமை உரிமைகளுக்கு முந்தியது என்ற கருத்துடன் தொடங்கும் நூலொன்றையும் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அது 1949 இல் பிரான்சில் வெளிவந்தது.