பின் இருக்கை

மோட்டார் சைக்கிளில் இருவர் நெடுந்தூரம் போகும்போது களைப்பு யாருக்கு? 2024 ஆகஸ்ட் மாதத்துக்கு முன்னர் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், ஓட்டுபவருக்குத்தான் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். பின்னால் இருப்பவர் சும்மாதானே இருக்கிறார்!

அந்தப் பாடசாலை விடுமுறையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளைப் பார்த்துவர நானும் மனைவியும் புறப்பட்டோம். பஸ்ஸில் போகலாம் என்றாள் மனைவி. “மோட்டார் சைக்கிள் இருக்கக்குள்ள பஸ்ஸுக்கு எதுக்கு புள்ள காசு?” என்றேன் நான். போன அன்றே திரும்ப வேண்டும் என்பதும் என் முடிவுதான். மறுநாள் வயலில் வெட்டு.

அதிகாலை மூன்று மணிக்கு எழும்பி, சுபஹுத் தொழுததும் கிளம்பினோம். சம்மாந்துறைக்கு அப்பாலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து அம்பாறை, உஹன, மகாஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை. பிறகு பதினெட்டு வளைவில் ஏறி ஹுன்னஸ்கிரிய, திகன வழியாகக் கண்டி. ஒரு வழிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். மகளுக்கான அரிசிமாவும் கருவாடும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தன. கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. மகளோடு இருக்கக் கிடைத்தது மூன்று மணித்தியாலங்கள்தான்.

திரும்பி வரும்போது மஹியங்கனையில் தேநீர் குடித்தோம். இருட்டத் தொடங்கியிருந்தது.

“எனக்கு இடுப்பு வலிக்கிது. இன்னங் கொஞ்சம் இருந்திட்டுப் போவமா?” என்று மனைவி கேட்டாள்.

“நேரஞ் செல்லச் செல்ல மகாஓயாப் பக்கம் யானைப் பயம் கூடும் புள்ள. இன்னும் கொஞ்சத் தூரந்தானே.”

நூறு கிலோமீற்றருக்கு மேல் கிடந்த பாதையைத்தான் ‘கொஞ்சத் தூரம்’ என்றேன். அவள் மறுபேச்சில்லாமல் எழுந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதியத்தலாவயை நெருங்கும்போது என் முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. கண்ணைத் திறந்தால், வண்டி தார் வீதியை விட்டிறங்கிக் கிரவலில் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் ஒரு மதகு. எப்படியோ நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது.

மதகுக் கட்டில் இருந்துகொண்டு மனைவி சொன்னாள்: “மஹியங்கனைக்கு முந்தியே ஒங்கட தல ரெண்டு தரம் சரிஞ்சிது. நித்திரை வருதா எண்டு கேட்டா ‘எனக்கா?’ எண்டு கோவிப்பீங்க. அதான் என்ட இடுப்பச் சொன்னன்.”

நான் கணிதம் படிப்பிப்பவன். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். மூன்று செக்கன் கண்ணயர்ந்தால் 40 மீற்றருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டியவர் எவருமில்லை. 1997ஆம் ஆண்டு டோசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதியதைப் பின்னர் வாசித்தேன். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறதாம். மூன்று மணிக்கு விழித்த எனக்கு இரவு எட்டு மணிக்குச் சரியாக 17 மணித்தியாலம். வாழ்நாளில் ஒரு துளி மது தொடாத நான் அந்த வீதியில் ஒரு குடிகாரனாகவே வந்திருக்கிறேன்.

குடித்தவன் தனக்கு வெறியில்லை என்பான். களைத்தவனும் அப்படித்தான். தன் களைப்பை அளக்கும் அறிவே களைத்துப்போகிறது. அப்படியானால் நிறுத்துவதா போவதா என்று தீர்மானிக்கும் உரிமை கைபிடியை வைத்திருப்பவனுக்கு மட்டும் எப்படி உரியதாகும்? தலை சரிவதைப் பார்ப்பவர் பின்னால் இருப்பவர். விழுந்தால் அவரும்தான் விழுவார்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்கிறோம். வகுப்பில் “விளங்கிச்சா?” என்று கேட்டால் கடைசி வாங்கு வரை “ஓம் சேர்” என்கிறது. பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் அந்த ‘ஓம்’ என்ன என்று தெரிகிறது. பெண்கள் ஆண்களின் ஆளுகையைத் தாமாகவே ஏற்கிறார்களே என்ற வாதத்துக்கு, ஜோன் ஸ்டுவர்ட் மில் 1869இல் வெளியிட்ட நூலில் பதில் சொல்லியிருக்கிறார். அப்படி ஏற்கும்படி சிறு வயதிலிருந்தே பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பது அவர் பதில். கலாசாலை நாட்களில் இதைக் குறிப்பெடுத்துப் பரீட்சையில் எழுதியவன்தான் நான்.

மனைவி சொன்னது பொய்யா? பொய்தான். ஆனால் அதற்கு அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? உண்மையைச் சொன்னால் கோபம் வரும் என்று இருபது வருடங்களாகக் கற்பித்தவன் நான். என்னைக் காப்பாற்றுவதற்கே தன் இடுப்பில் ஒரு வலியை உண்டாக்கிக்கொள்ள வேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்தவனும் நான். அந்தப் பொய்யையும் நான் மதிக்கவில்லை. வலி என்று ஒருவர் சொன்ன பிறகும் ‘கொஞ்சத் தூரந்தானே’ என்றேன். அது மெய்யான வலியாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நித்திரை கொண்டதை விட இதுதான் பெரிய குற்றமாக எனக்குப் படுகிறது.

அன்றிரவு பதியத்தலாவயில் ஒரு கடை விறாந்தையில், சிங்களக் கடைக்காரர் தந்த பாயில் விடியும் வரை கிடந்தோம். வயல் வெட்டு நானில்லாமலே தொடங்கியது. ஒரு கதிரும் குறையவில்லை.

இப்போது எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தோளில் இரண்டு தரம் தட்டினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நிறுத்துகிறேன். ஆனால் ‘ஏன்’ என்ற சொல் இன்னமும் ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்துதான் திரும்புகிறது.