அட்டை குற்றவாளியா?

தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் இல்லை. காவிரி உண்டு, ஒகேனக்கல் அருவி உண்டு, பரிசல் உண்டு. எனினும், கடலில் வாழும் அட்டையொன்றின் கதையை இம்மாவட்டத்துத் தோழர்கள் அறிதல் நலம். மேடையில் நாம் வீசும் சொல்லொன்றைச் சோதித்துப் பார்க்க அது உதவும்.

கனடாவின் கிழக்கே, நியூபவுண்ட்லாந்துக் கரையோரம், உடல் விறைக்கும் குளிர்நீர். அங்கே ஜோஹான்சோனியா ஆர்க்டிகா என்னும் அட்டை நண்டின் ஓட்டிலே முட்டைக்கூடு வைக்கிறது. காட் மீனைப் பற்றிக் குருதி குடிக்கிறது. குடிப்பது கொஞ்சம், கொடுப்பது கேடு! மீனின் குருதியிலே வாழும் டிரிபனோசோமா என்னும் நுண்ணுயிரை மற்றொரு மீனுக்கும் ஏற்றிவிடுகிறது. குளிர்கடலில் மட்டுமல்ல, இலங்கையின் அறுகம்குடாப் பெயர் தாங்கி 1963-இல் அறிவியல் ஏட்டில் இடம்பெற்ற அட்டையினம், ஆசியாவின் வெப்பக்கடல் பண்ணைகளில் கொடுவா மீனை வாட்டுகிறது.

"பார்த்தீரா இயற்கையை! ஒன்றின் குருதியில் மற்றொன்று வாழ்கிறது. ஏழை உழைப்பதும் செல்வன் உண்பதும் அந்த ஏற்பாடே!" என்பர் பழமைவாதிகள். நாமோ கொதித்தெழுந்து, "கந்துவட்டிக்காரன் ஓர் அட்டை!" என்று முழங்குகிறோம். கையொலி வானைப் பிளக்கிறது. ஆனால் தோழனே, எண்ணிப் பார்! அவர்கள் சொன்னதைத்தானே நாமும் சொன்னோம்?

அட்டைக்கு வேறு வழி இல்லை. குருதியே அதற்கு உணவு. அதைக் கூண்டிலேற்றினால் எந்த நீதிபதியும் விடுதலைதான் செய்வார். வட்டிக்காரனை அட்டை என்னும்போது, அந்த விடுதலையை அவனுக்கும் நாமே எழுதிக் கொடுக்கிறோம்! அவனுக்கோ கணக்கறியும் மதி உண்டு. கண்ணீர் காணும் கண் உண்டு. கைவிட்டு வாழ வேறு தொழில் உண்டு. உண்டபின் அட்டை விலகுகிறது; அவனோ பேரன் தலையிலும் கடனை ஏற்றுகிறான்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். "அட்டையை எடுத்து மெத்தையில் வைத்தாலும் அது குட்டையைத்தான் நாடும்" என்ற பழமொழி, யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது? படிக்க வந்த ஏழையைப் பார்த்து! பிறவிக்குணம் மாறாது என்று கூறிப் பள்ளியின் கதவை அடைக்க உதவிய அதே உவமையை நாம் கையிலெடுக்கலாமா? பிறப்பிலே தாழ்ந்தவன் இல்லை எனில், பிறப்பிலே அட்டையும் இல்லை.

ஆகவே கண்டனத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, கூர்மையாக்கச் சொல்கிறேன். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. 2003-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் கந்துவட்டியைத் தடுத்தது. அட்டைக்கு எவரும் சட்டம் எழுதுவதில்லை. திருந்தக் கூடியவனுக்கே சட்டம். தேர்ந்தெடுத்துத் தீமை செய்தவனுக்கே தண்டனை.

அவனை அட்டை என்னாதீர். மனிதன் என்று அழையுங்கள்; மனிதனாகவே கணக்குக் கேளுங்கள்!