மனைவி வழி முன்னோர்

மணம் பேசுமுன் பெண் வீட்டாரைப் பற்றி விசாரிப்பதில் நம்மவர்க்கு இணையில்லை. எந்த ஊர், எந்த மஹல்லா, யார் யாருடன் சம்பந்தம் என்று இரண்டு தலைமுறையைத் துருவிவிடுவோம். நிக்காஹ் தப்தரில் கையொப்பம் இட்டானதும் விசாரணை நின்றுவிடும். மனைவியின் பாட்டியார் பெயரைக் கேட்டால் விழிக்கும் கணவன்மார் எத்தனை பேர்! நாமும் நெடுநாள் அவர்களில் ஒருவராகவே இருந்தோம்.

நம் இல்லாளின் பிறந்தகம் தண்டையார்பேட்டை. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்து இப்பகுதியில் தங்கிய மஸ்தான் சாகிபு அவர்களைத் 'தொண்டியார்' என மக்கள் அழைத்ததால் 'தொண்டியார்பேட்டை' உண்டாகி, அதுவே இவ்வாறு மருவிற்று என்பர். இல்லறம் துறந்த ஒருவரின் பிறந்த மண்ணை ஒரு பேட்டையே தன் பெயரில் சுமக்கிறது. நாமோ நம் பிள்ளைகளின் தாய் வழியை ஒரு தலைமுறைக்கு அப்பால் அறியோம்.

மகள் கேட்டதால் தேடத் தொடங்கினோம். பழைய தப்தர்களில் 'இன்னார் மகள்' என்று தந்தை பெயரே இருந்தது. தாய்மார் பெயரைக் காணோம். ஆகவே எண்பதைக் கடந்த மாமியாரின் தமக்கையாரிடம் சென்றோம். அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். அதில் ஒரு நிழற்படம்: இரங்கூனில் வணிகம் செய்த அவருடைய தந்தையார், அருகே பர்மிய உடையில் ஒரு பெண்மணி, இரு குழந்தைகள்.

அந்நாளில் இது அரிய செய்தியன்று. பர்மா சென்ற நம்மவர் பலர் அங்கும் மணம் புரிந்தனர்; அவர்தம் வழியினரை 'ஸேர்பாதி' என்றே அங்கு அழைத்தனர். 1942இல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து ஓடிவந்தனர். வந்தவர் கதை நமக்குத் தெரியும். அங்கேயே நின்றுவிட்டவர் கதையை யார் கேட்டோம்?

"எங்கள் உம்மாவுக்கு இது தெரியாமலே மவுத்தானார்கள். பார்த்தாயிற்றல்லவா மாப்பிள்ளை, மூடிவிடுங்கள்" என்றார் அம்மூதாட்டி.

மூடினோம். ஆனால் மனம் மூடவில்லை. பிறர் மறைவைத் துருவுவதைத் திருமறை தடுக்கிறது. அதே திருமறை, அல்ஃபுர்கான் அத்தியாயத்தில், இரத்த உறவையும் மண உறவையும் ஒருசேர இறைவனின் படைப்பாகக் கூறுகிறது. வமிசத்தை அறிந்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும் உறவைப் பேணுவதற்கே, பெருமை பேசுவதற்கன்று. அப்படியாயின் படத்திலிருந்த குழந்தைகள் யார்? முறையான நிக்காஹ் என்றால், அதைக் குறை என்று மறைப்பதே அவர்களுக்கு இழைக்கும் அநீதியன்றோ? மறுபுறம், ஏதுமறியாது காத்திருந்து மறைந்த ஒரு தாயின் கண்ணியம் அம்மூதாட்டியின் கையில் இருந்தது. மருமகனாகிய நமக்கு அதன்மேல் என்ன உரிமை? உறவால் அவர்கள் நம்மவரே, இரகசியம் நம்முடையதன்று. ஆய்வு என்ற பெயரில் அதை அம்பலமேற்றுவது, பெண் பார்க்கும்போது செய்யும் துருவலைவிடக் கீழானது என்றே நமக்குப் பட்டது.

வமிசத் தாளில் இரண்டு வரிகளை வெறுமையாக விட்டு வைத்தோம், எவரிடமும் சொல்லவில்லை.

சில மாதங்கள் சென்று ஒரு ஜும்ஆ நாளில் அவரே அழைத்தனுப்பினார். அக்குழந்தைகள் இருவரின் பெயரையும் சொல்லி, "எழுதிக்கொள்ளுங்கள், என் வாப்பாவின் பிள்ளைகள்" என்றார். எழுதினோம். அவர்களைப் பெற்றவரின் பெயர் மட்டும் அவருக்கும் தெரியவில்லை.